சொதியைப் புகழ்ந்த நாளில் தொடங்கிய சந்தேகம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. சாவகச்சேரிச் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு தென்மராட்சிக் கிராமத்தில் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகியிருந்தது, பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. ஒருநாள் காலையில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையை நிறுத்தினார். என் முகத்தை நேராகப் பார்த்து, "இண்டைக்குச் சொதி நல்லாயிருக்கு" என்றார். வேறொருத்தியாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை கறியைக் குறை சொல்லாமல் எழும்பிக் கை கழுவினாலே அது பெரிய பாராட்டு. அதிலும் இவர் (நான் அவரை 'இவர்' என்றுதான் சொல்வேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை) மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருந்த மனிதர். நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் சொன்னால் கோட்டில், கிளாக்கர் உத்தியோகம். பகல் முழுக்க வழக்காளிகளின் பொய்யைக் கேட்டு அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் இறக்குவார். உப்புக் கூடினால் சாப்பாட்டுக் கோப்பை முற்றத்துக்குப் பறக்கும். எந்தக் காரியத்தையும் என்னிடம் கேட்டுச் செய்ததில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்த்ததில்லை.

நானும் லேசுப்பட்டவள் அல்ல. தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மீன்காரி தலையிலடித்துச் சத்தியம் செய்தாலும் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றக் கதை. யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால், 'உவளுக்கு இப்ப என்ன வேணும்?' என்றுதான் மனம் முதலில் கேட்கும். வேலி ஒரு சாண் தள்ளிப் போனால் கோட்டுக்குப் போகிற சனங்களுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி யோசனை வரும்?

சொதியைப் புகழ்வதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் மலாயாவிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. அங்கே ரெயில்வேயில் வேலை செய்த இவருடைய ஒன்றுவிட்ட தம்பி அனுப்பியது. உள்ளே சிவப்பு அட்டை போட்ட ஒரு இங்கிலிஷ் புத்தகம். மனிதன் தன்னைத் தானே திருத்தி, நாலு பேரைத் தன் பக்கம் திருப்பி, எடுத்த காரியத்தை எப்படி முடிப்பது என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகமாம். கோட்டில் மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு, 'உந்த வாயோடு நீர் இந்தக் கிளாக்கர் கதிரையை விட்டு மேலே போகவே மாட்டீர்' என்று சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மலாயா, பார்சல், எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷை, இந்த மூன்றும்தான். சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

புத்தகம் வந்த பிறகு வீட்டில் நடந்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடியப்புறம் எழும்பிக் கிணற்றடியில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, மூச்சை இழுத்து விட்டு, ஏதோ ஒரு இங்கிலிஷ் வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று சிரித்துப் பழகுவார். முதல்நாள் அதைக் கதவிடுக்கால் பார்த்தபோது பல்லுவலி என்று நினைத்துக் கராம்பு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டு "நன்றி" என்றார். ஒரு புருஷன் பெண்சாதிக்கு நன்றி சொல்லி அதுவரை நான் காதால் கேட்டதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு நூல் மந்திரித்து வந்து இவர் கையில் கட்டினேன். அதற்கும் ஒரு சிரிப்பு, ஒரு நன்றி.

இவையெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூரைக்கு மேல் சாய்ந்து நின்ற பலாமரக் கிளையை வெட்டுவதா விடுவதா என்று ஒருநாள் பேச்சு வந்தது. பேச்சு என்றால் இவர் சொல்வார், நான் கேட்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு இவர் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கேட்டால் அடுத்த நிமிஷம் தானே பதில் சொல்லிவிட்டு எழும்பிப் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருப்பது இருக்கிறதே, அது எனக்குக் கோப்பை எறிவதைவிடப் பயமாக இருந்தது. தாங்க முடியாமல் நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கிளையைப் பற்றித் தொடங்கி, கூரை ஓலையைப் பற்றி, போன மழைக்கு ஒழுகியதைப் பற்றி, கடைசியில் இவர் எறிந்து உடைத்த கோப்பைகளைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு "சரி" என்று எழும்பினார். கிளை வெட்டப்பட்டது, நான் சொன்ன இடத்தில்.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதே கேள்வி, அதே காத்திருப்பு. நாளாக நாளாக உளறுவதை நிறுத்தி, கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் மனதுக்குள் பல்லி ஒன்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது. இந்த மனிதருக்கு என்னிடமிருந்து ஏதோ வேண்டும். என்ன அது?

அதைச் சொல்லித் தந்தவர் என் அண்ணை. பக்கத்து வளவுதான் அண்ணையின் வீடு. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழைந்து போக ஒரு பொட்டு வைத்திருந்தோம். எங்கள் தகப்பன், அப்பு, செத்த பிறகு எனக்கு மாப்பிள்ளை தேடி, சீதனம் கொடுத்து, தாலி ஏற வைத்தவர் அண்ணைதான். அதிகம் கதைக்கமாட்டார், சிரிக்கவே மாட்டார். அதனாலேயே அவரை நம்பினேன். சிரிக்காத மனிதர் எதற்கு ஏமாற்றப் போகிறார் என்பது அந்த வயதில் என் கணக்கு.

பொட்டடியில் நின்று இவருடைய மாற்றங்களை எல்லாம் அண்ணையிடம் கொட்டினேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு தன் குரலைத் தாழ்த்தி, "உன்ரை கிணத்துக் காணி பிள்ளை" என்றார்.

அந்தக் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சீதனமாக வந்தது இரண்டு துண்டு. ஒன்று வீடு நின்ற வளவு. மற்றது அதை ஒட்டிய சின்னத் துண்டு, அதில்தான் கிணறு. எங்கள் பக்கத்தில் காணி பெரிதல்ல, தண்ணீர்தான் பெரிது. கோடை வந்தால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பலதும் உவர்த்துப் போகும். அண்ணையின் கிணறும் அப்படித்தான், சித்திரை வைகாசியில் அவருடைய வாழையும் மிளகாய்க் கன்றும் அந்தத் தண்ணீரில் கருகி நிற்கும். என் கிணற்றுத் தண்ணீர் எந்தக் கோடைக்கும் இளநீர்தான். அப்பு அதைத் தன் கையால் வெட்டியவர். பெண்பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று அந்தத் துண்டை எனக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

"உவர் மலாயாவுக்குக் கப்பலேறப் பாக்கிறார். அதுக்குக் காணியை விக்க வேணும். நீ கையெழுத்து வைக்காமல் விக்கேலாது. அதுதான் சொதியிலை தொடங்கி உனக்குச் சக்கரை பூசுறார்" என்றார் அண்ணை.

அப்படியே பொருந்திவிட்டது. மலாயாப் பார்சல், பழகிப் பழகிச் சிரித்த சிரிப்பு, 'நீர் என்ன நினைக்கிறீர்' எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வந்து நின்றன. போதாக்குறைக்கு அந்தக் கிழமை இவர் சந்தைத் தையற்காரரிடம் புதுக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார். இவரை நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் கண்டதாகச் சந்தைக்குப் போய்வந்த ஒரு பெண்ணும் சொன்னாள். நொத்தாரிசு என்றால் காணி உறுதி, அதாவது பத்திரம், எழுதுகிறவர். கிளாக்கருக்கு அங்கே என்ன வேலை?

அதற்கு மேல் ஒருநாள் பின்னேரம், கோட்டிலிருந்து வந்து தேத்தண்ணீர் குடித்த கையோடு, இவர் கதிரையைத் திருப்பிப் போட்டார். "எங்கடை கிணத்துக் காணியைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?" என்றார். வந்துவிட்டது, இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தது இதோ வாசலுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். "அது அப்பு எனக்குத் தந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுதபடி குசினிக்குள் போய்விட்டேன். இவர் வழக்கம்போலக் காத்திருந்தார். நான் வெளியே வரவில்லை.

மறுநாளே பொட்டால் நுழைந்து அண்ணையிடம் ஓடினேன். அவர் முன்னமே யோசித்து வைத்திருந்த மாதிரி வழி சொன்னார். காணியைத் தன் பெயருக்கு எழுதிவிட வேண்டும். தன் பெயரில் இருந்தால் இவர் தொட முடியாது. மலாயாப் பைத்தியம் தெளிந்த பிறகு திருப்பி எழுதித் தருவார். "எழுதிறதுக்கு உவற்றை சம்மதமும் வேணும், எங்கடை ஊர்த் தேசவழமைச் சட்டம் அப்பிடி. அதை நான் பாத்துக்கொள்ளுறன், நீ ஓம் எண்டு மட்டும் சொல்லு" என்றார். கூடப் பிறந்தவர், தாலி கட்ட வைத்தவர். நான் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் இவர் என்னிடம் வந்து, "மச்சான் எல்லாம் சொன்னார். உமக்குச் சம்மதமோ?" என்று கேட்டார். சட்டி தேய்த்துக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஓம்" என்றேன். இவர் நின்றார், பார்த்தார், காத்திருந்தார். நான் இன்னும் பலமாகச் சட்டியைத் தேய்த்தேன். கடைசியில் "அப்ப சரி, கையெழுத்து வைக்க நான் வாறன்" என்றார்.

இரவு முழுவதும் அந்த 'அப்ப சரி' என்னை உறங்க விடவில்லை. காணியை விற்கப் பார்க்கிற மனிதர் எப்படி இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார்? இதற்குள் இன்னொரு சூழ்ச்சி இருக்க வேண்டும். ஒருவேளை அண்ணையும் இவரும் சேர்ந்தே ஏதாவது செய்கிறார்களோ? இல்லை, அண்ணை அப்படிச் செய்யமாட்டார். இப்படிப் புரண்டு புரண்டு விடிந்தது. எல்லாரையும் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

நல்ல நாள் பார்த்து, காலமே அண்ணையின் மாட்டுவண்டிலில் மூன்று பேரும் நொத்தாரிசு வீட்டுக்குப் போனோம். நொத்தாரிசு வயதானவர், சந்தனப் பொட்டும் மூக்குக்கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் இருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர் சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பம் வைக்க முன்னர் உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது முறை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

அந்தப் பாஷை எனக்குப் பாதிதான் விளங்கியது. நாலு எல்லையும் சொன்னார். கிழக்கே என்னுடைய வீட்டு வளவு, மேற்கே அண்ணையின் வளவு. காணியும் கிணறும் வான்பயிர்களும் இன்று தொட்டு என் சகோதரரும் அவருடைய சந்ததியும் என்றென்றைக்கும் ஆண்டு அனுபவிக்க என்று வாசித்தார். என்றென்றைக்கும் என்ற சொல் காதில் முள்ளாகத் தைத்தது. திருப்பித் தருவது பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணையைப் பார்த்தேன். "உது சட்டப் பாசை பிள்ளை, எல்லா உறுதியிலும் அப்பிடித்தான் எழுதிறது" என்றார் மெதுவாக. நொத்தாரிசு பேனையை மையில் தோய்த்து என் பக்கம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அப்போது இவர், "நொத்தாரிசு ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். தன் கதிரையைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் போட்டார். சபை நடுவில், அந்நிய ஆண்களுக்கு முன்னால், "இஞ்சாரும், நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சாட்சிக்காரர் தங்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்கள். இப்படி ஒரு கேள்வியை அந்த விறாந்தை அதுவரை கேட்டிருக்காது. பெண்கள் அங்கே வருவது ஒப்பம் வைக்க, நினைப்பைச் சொல்ல அல்ல. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சும்மா இருப்பது எனக்கு இப்போது புதிதில்லை. மாசக்கணக்காக அதற்குள் இருந்து பழகியவள் நான். உளறாமல் இருக்கவும் அதற்குள் யோசிக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது. பேனையைப் பிடித்தபடி யோசித்தேன்.

பழக்கமில்லாதவர் அண்ணைதான். முதலில் காலை மாற்றிப் போட்டார். சால்வையை எடுத்து மற்றத் தோளில் போட்டார். "என்ன மச்சான் உது? வீட்டிலை கதைச்சு முடிஞ்ச விசயத்தை இஞ்சை வைச்சு என்னத்துக்குக் கிளறுறியள்?" என்றார். இவர் அசையவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒப்பத்தை வை, நேரம் போகுது" என்றார் அண்ணை. நான் வைக்கவில்லை. வெளியே மாடு தலையை ஆட்ட அதன் கழுத்து மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் என்ன இருந்ததோ, அண்ணையால் தாங்க முடியவில்லை. "அங்கை காணியிலை ஆக்கள் கதியாலோடை வந்து நிக்கிறாங்கள்" என்று தொடங்கிவிட்டார். கதியால் என்றால் வேலிக்கு நடுகிற தடி. "கிணத்துக்கும் உங்கடை குசினிக்கும் நடுவிலை ஒரு வேலி போட்டால் ஆருக்கும் கரைச்சல் இல்லை. நான் என்ன, குடிக்கிற தண்ணியை மறிக்கப் போறனோ? கேட்டுப்போட்டு அள்ளலாம்தானே!"

கேட்டுப்போட்டு அள்ளலாம். என் அப்பு வெட்டிய கிணற்றில், நான் கேட்டுப்போட்டு அள்ளலாம்.

பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரப்போகிறவர் எதற்கு வேலி போடுகிறார்? ஒப்பம் வைக்க முன்னமே, நாங்கள் வண்டிலில் ஏறியவுடனேயே ஆட்கள் கதியாலோடு வந்து நிற்கிறார்கள் என்றால், இது எத்தனை நாள் யோசனை? சிரிக்காத அந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் தேங்காயைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. பொய் சொல்லவில்லை, பிறகு எத்தனையோ சாவு வீடு பார்த்தேன், அப்படி ஒரு வலி வந்ததில்லை.

பேனையை மேசையில் வைத்தேன். "எனக்கு எழுத விருப்பமில்லை" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. நொத்தாரிசு என்னை ஒரு தரம் பார்த்தார், இவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனையைத் துடைத்து வைத்துவிட்டு உறுதியை இரண்டாக மடித்தார். அண்ணை எழும்பினார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே வண்டிலைக் கொண்டு போய்விட்டார்.

ஆகவே வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். மணல் காலைச் சுட்டது. இவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதையும் புத்தகத்தில் படித்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டேன்.

"அப்ப நீங்கள் மலாயாவுக்குப் போகேல்லையோ?"

"மலாயாவோ? கடலைக் கண்டாலே எனக்குச் சத்தி வரும்" என்றார் இவர். சத்தி என்றால் வாந்தி.

புதுக் கோட்டு மேலதிகாரிக்கு முன்னால் துப்புரவாகப் போய் நிற்பதற்காம், அதுவும் புத்தகத்து உபதேசம். நொத்தாரிசு வீட்டு விறாந்தைக்கு இவரை வரச்சொன்னது அண்ணையேதானாம். தங்கச்சிக்குச் சொல்லிக் காணியை எழுதுவித்துத் தரும்படி முதலில் இவரிடம்தான் கேட்டிருக்கிறார். இவர், அது அவளுடைய காணி, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதைத்தான் அன்று பின்னேரம் கதிரையைத் திருப்பிப் போட்டு என்னிடம் கேட்டது. நான் அழுதுகொண்டு ஓடியதும் அண்ணை மற்ற வழியால் வந்து, என்னை ஓம் சொல்ல வைத்துவிட்டு, தங்கச்சிக்குச் சம்மதம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"அண்ணை கேட்டதை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கோபமாகக் கேட்டேன்.

"சொல்லியிருந்தால் நீர் என்னை நம்பியிருப்பீரோ?"

நடந்துகொண்டே யோசித்தேன். "இல்லை" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"எப்பிடியும் நான் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனான்தானே. பிறகு ஏன் நொத்தாரிசுக்கு முன்னாலை திரும்பக் கேட்டனீங்கள்?"

"அண்டைக்கு நீர் எனக்குப் பயந்து ஓம் எண்டனீர். பயந்து சொன்னது சம்மதமோ? கோட்டிலை எத்தினை பேரைப் பாக்கிறன்" என்றார்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "நீர் என்ன நினைக்கிறீர் எண்டு கேக்கிறியளே, அது புத்தகமோ, நீங்களோ?" என்றேன். இவர் குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் விடவில்லை, இவருடைய வித்தையை இவரிடமே காட்டினேன். வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ரெயில் பாதையைத் தாண்டும் வரை தாங்கினார். பிறகு குடையைக் கை மாற்றிக்கொண்டு, "முதலிலை புத்தகம்தான். இப்பவும் சில நாளைக்குப் புத்தகம்தான். கோவம் பொங்கி வரேக்கை அந்தப் பக்கத்தை நினைச்சுக்கொண்டு பல்லைக் கடிக்கிறன்" என்றார். முகம் சிவந்து போயிருந்தது. கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பு அந்த முகத்தில் இல்லை. அன்றைக்குத்தான் நான் இவரை நம்பத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே பூவரசங் கதியால்கள் வரிசையாக நட்டபடி நின்றன. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இவரும் நானுமாக எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஒன்றை மட்டும் மாடு கட்ட ஆகும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணை அன்றைக்கே பொட்டை அடைத்தார். கோபம் எனக்கும் இருந்தது, ஆனால் அடுத்த கோடையில் அவருடைய வாழைக் குருத்துகள் மஞ்சளாகித் தொங்குவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அந்தத் தோட்டத்தை வைத்துத்தானே எனக்குச் சீதனமும் தேடினார். இவரிடம் போய், "அண்ணைக்கு முறை வைச்சுத் தண்ணி இறைக்க விடுவமோ, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். "விடுவம்" என்றார். கிழமையில் குறித்த நாளில் வந்து இறைக்கலாம், எழுதி மட்டும் தரமாட்டேன் என்று அண்ணைக்குச் சொல்லி அனுப்பினேன். முதல் முறை நாளில் அவர் வரவில்லை. இரண்டாம் முறைக்கு வந்தார். கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க ஆள் கொண்டு வந்து, தலையைக் குனிந்தபடி இறைத்துவிட்டுப் போனார். அவர் என்னோடு கதைக்க, எனக்குப் பிள்ளை பிறக்கிற வரை காலம் எடுத்தது. அவருடைய நினைப்பையும் அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போல என்று இப்போது சில வேளை தோன்றும். கேட்டிருந்தால், தண்ணீர் வேண்டும் என்று நேரே சொல்லியிருப்பாரோ என்னவோ.

சந்தேகப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. சந்தேகம் சரியானதுதான், ஆள்தான் மாறிவிட்டது. இன்றைக்கும் இவர் சொதியைப் புகழ்ந்தால் ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவேன். இவருக்கு உத்தியோகத்தில் உயர்வும் வந்தது, கோப்பையும் எப்போதாவது பறக்கத்தான் செய்தது. அந்தச் சிவப்புப் புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் வாசித்துச் சொல்ல வந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன், எனக்கு வேண்டிய பக்கம் எனக்குத் தெரியும்.

யாரை நம்பலாம் என்பது இந்த வயதிலும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் என் முன்னால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அவர் என் நினைப்பைக் கேட்கிறாரா, கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் பேனையைத் தொடுகிறேன்.